பிளீச்சா, ஆட்டோகிளேவா, குக்கரா? மரபணு மாற்றிய கல்ச்சரை வேலை முடிந்ததும் எப்படி அழிப்பது

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தே கால். கல்லூரிப் பேருந்து ஐந்தரைக்குக் கிளம்பிவிடும். மாணவியின் கையில் ஒரு கண்ணாடிக் குடுவை, அதற்குள் ராத்திரி முழுக்க ஷேக்கரில் வளர்ந்த, மரபணு மாற்றிய ஈ.கோலை பாக்டீரியா கலங்கலாக நிற்கிறது. வேண்டிய அளவு எடுத்து பிளாஸ்மிட் (மரபணுவை ஏற்றிச் செல்லும் டிஎன்ஏ வளையம்) பிரித்தாயிற்று, ஜெல் ஓட்டிப் படமும் எடுத்தாயிற்று. மிச்சக் கல்ச்சர், அதாவது பாக்டீரியா வளர்ந்த திரவம், 400 மில்லி இருக்கிறது. "அக்கா, இதை எங்க ஊத்தணும்?" என்று கேட்கிறாள்.

புராஜெக்ட் மாணவர்களுக்கு லேப் வேலை பழக்கத் தொடங்கி எட்டு வருஷம் ஆகிறது. இந்தக் கேள்வியைக் கேட்டவர்களைவிடக் கேட்காமலே சிங்கில் ஊற்றிவிட்டுப் பேருந்துக்கு ஓடியவர்கள்தான் அதிகம். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பாக்டீரியாவுக்குள் மரபணுவை ஏற்றுவது எப்படி என்று நான்கு செமஸ்டர் சொல்லிக் கொடுக்கிறோம். வேலை முடிந்த பிறகு அதைக் கொல்வது எப்படி என்று அரை மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்களில் உண்மையிலேயே கைக்கு எட்டும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, எந்த லேப் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

சிங்க் ஏன் ஒரு வழியே இல்லை

"இது கே-12 வகைதானே அக்கா, யாருக்கும் ஒண்ணும் ஆகாதே" என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. கே-12 என்பது 1922-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், டிஃப்தீரியாவிலிருந்து தேறிவந்த ஒரு நோயாளியின் மலத்திலிருந்து பிரித்தெடுத்த ஈ.கோலை வகை. நூறு வருஷமாக ஆய்வகத்திலேயே வளர்ந்து, மனிதக் குடலில் நிலைத்து வாழும் திறமையை இழந்துவிட்டது. நாம் அன்றாடம் கையாளும் டிஎச்5 ஆல்பா அதன் வழிவந்ததுதான். அதிலும் சில மரபணுக்களைச் செயலிழக்கச் செய்திருக்கிறார்கள். சாதாரணமாக ஏற்றும் பியுசி வகை பிளாஸ்மிட்டும் தானாக இன்னொரு பாக்டீரியாவுக்குத் தாவாது.

இருந்தும் சிங்க் வேண்டாம் என்கிறேன். முதல் காரணம், குடுவைக்குள் இருப்பது கே-12 மட்டும்தான் என்று உங்களால் சொல்ல முடியாது. ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் போட்டு வளர்த்திருக்கிறீர்கள். காற்றிலிருந்தோ கையிலிருந்தோ உள்ளே விழுந்தவற்றில் ஆம்பிசிலினுக்குச் சாகாதவை மட்டுமே அதில் பெருகும். கல்ச்சர் கெட்டுப்போனால், மருந்துக்கு அடங்காத ஏதோ ஒன்றைத்தான் பொறுக்கியெடுத்து 400 மில்லி நிறைய வளர்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கலங்கலைப் பார்த்து எது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது காரணம், ஆபத்தில்லாதது என்று பெயர் வாங்கிய வகையை நம்பி நடந்த ஒரு மரணம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் மரபியல் ஆய்வாளர் மால்கம் கசடபன் 2009 செப்டம்பரில் இறந்தார். அவர் கையாண்டது பிளேக் கிருமியின் வலுவிழந்த வகை. உடலிலிருந்து இரும்பைப் பறித்துக்கொள்ளும் திறன் அதற்கு இல்லை, அதனால்தான் அது பாதுகாப்பானது என்று கருதப்பட்டது. அவர் உடலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் பரம்பரைக் கோளாறு இருந்தது பிறகுதான் தெரியவந்தது. கிருமி பறிக்க முடியாததை அவர் உடலே அதற்குக் கொடுத்துவிட்டது. ஈ.கோலையும் பிளேக் கிருமியும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. 'பாதுகாப்பான வகை' என்ற பெயர் சராசரி ஆரோக்கியம் உள்ள மனிதரை மனதில் வைத்து எழுதப்பட்டது. நம் லேப் குப்பையைத் தூக்குபவரின் உடல்நிலை நமக்குத் தெரியாது.

மூன்றாவது, சட்டம். சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் 1986-இன் கீழ் வந்த 1989-ஆம் ஆண்டு விதிகள், மரபணு மாற்றிய நுண்ணுயிரிகளைக் கையாளும் கல்லூரிக்கும் பொருந்தும். அங்கே நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழு (ஐபிஎஸ்சி) இருக்க வேண்டும். உயிரித் தொழில்நுட்பத் துறை 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிமுறைகளைப் பின்பற்றித்தான் அந்தக் குழு நடக்கிறது. உங்கள் புராஜெக்ட் அந்தக் குழுவுக்குப் போனதா என்று கைடிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவாகாது. "சார், நம்ம வேலை ஐபிஎஸ்சில சொல்லியாச்சுங்களா?" என்ற ஒரு கேள்வி போதும்.

பிளீச்: கைக்கு எளிது, கணக்கில் கடினம்

மருந்துக் கடையிலும் கிடைக்கும், லேப் சப்ளையரிடமும் கிடைக்கும். கரண்ட் வேண்டாம், காத்திருப்பும் அரை மணி நேரம்தான். சோடியம் ஹைப்போகுளோரைட் ஈ.கோலையைக் கொல்வதோடு டிஎன்ஏவையும் சிதைக்கும். இவ்வளவு நல்ல பேர் இருந்தும் பிளீச்சில்தான் நான் அதிகத் தவறுகளைப் பார்த்திருக்கிறேன்.

நம் மாணவர்கள் செய்வது இது: குடுவையில் ஒரு மூடி பிளீச்சை ஊற்றி, ஒரு சுழற்று சுழற்றி, உடனே சிங்கில் கொட்டிவிடுவார்கள். வாசனை வந்துவிட்டால் போதுமாம். எல்பி மீடியாவில், அதாவது பாக்டீரியாவை வளர்க்கும் சத்துத் திரவத்தில், லிட்டருக்கு 10 கிராம் டிரிப்டோனும் 5 கிராம் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டும் இருக்கின்றன. குளோரின் முதலில் இவற்றோடுதான் சண்டை போடும். பாக்டீரியாவின் முறை வருவதற்குள் தீர்ந்துவிடும். அதனால் கணக்குப் போட்டு ஊற்ற வேண்டும். பாட்டிலில் 4% என்று இருந்தால், 400 மில்லி கல்ச்சருக்கு 57 மில்லி சேர்த்தால் மொத்தத்தில் 0.5% வரும். புத்தகங்கள் கேட்பது இந்த அளவுதான். ஆனால் முழுச் செறிவு எல்பி கல்ச்சருக்கு நான் 1% வரச் சொல்வேன், அதற்கு சுமார் 135 மில்லி ஊற்ற வேண்டும். நுரைக்கும், ஆகவே பெரிய பாத்திரத்தில் செய்யுங்கள், மூடியை இறுக்காதீர்கள். அரை மணி நேரம் கழித்து ஸ்டார்ச்-அயோடைடு தாளைத் தொட்டுப் பாருங்கள். நீலக் கறுப்பாக மாறினால் இன்னும் குளோரின் மிச்சம் இருக்கிறது, அதாவது போட்டது போதுமானது. நிறம் மாறாவிட்டால் மறுபடி ஊற்றி, மறுபடி அரை மணி.

பாட்டிலின் மேல் எழுதியிருக்கும் சதவீதத்தை நம்பி நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். தவறு என்னுடையதுதான். பிளீச் பாட்டிலை ஜன்னல் திட்டில் வைத்திருந்தேன். மே மாதம், மதியம் முழுக்க வெயில் அதன் மேல் விழும். திறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மாணவன் கணக்கெல்லாம் சரியாகப் போட்டு, அரை மணி காத்திருந்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு துளியைப் பிளேட்டில் (அகார் என்ற கூழ் மீடியா ஊற்றிய தட்டில்) தடவி இன்குபேட்டரில் வைத்துவிட்டுப் போனான். மறுநாள் காலையில் பிளேட் முழுக்க வேர்க்குரு போலக் காலனிகள். அந்தப் பாட்டிலில் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை. சூடும் வெளிச்சமும் ஹைப்போகுளோரைட்டைத் தின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பாட்டில் அங்கேயே இருந்தது. அன்றிலிருந்து எங்கள் பாட்டில் அலமாரிக்குள் இருக்கிறது, திறந்த தேதி மார்க்கரில் எழுதியிருக்கிறது. தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்ததை அன்றன்றைக்கே தீர்த்துவிடுகிறோம்.

பிளீச்சோடு சேரக்கூடாதவை சில உண்டு, இதில் அவசரம் வேண்டாம். பிளாஸ்மிட் கிட்டில் வரும் சில பஃபர்களில் குவானிடின் உப்பு இருக்கிறது. கிட்டின் வடிகட்டிக் குழாயிலிருந்து வடிந்த அந்த நீரைக் கழிவுக் குப்பியில் ஊற்றி, அதன் மேல் பிளீச்சையும் ஊற்றினால் நச்சு வாயு கிளம்பும். அமிலத்தோடு சேர்ந்தாலும் அம்மோனியாவோடு சேர்ந்தாலும் அப்படியே. டிஎன்ஏவுக்கு நிறமேற்றும் எத்திடியம் புரோமைடு கலந்த ஜெல்லையும் பஃபரையும் இதில் போடாதீர்கள், அவற்றுக்குத் தனி டப்பா வேண்டும். பிளீச் ஊற்றிய எதையும் ஆட்டோகிளேவுக்குள் (அழுத்தமான நீராவியால் கிருமியைக் கொல்லும் கருவி) வைக்காதீர்கள். "ரெண்டும் செஞ்சா இன்னும் சேஃப்தானே?" என்று ஒரு பையன் நல்லெண்ணத்தோடுதான் கேட்டான். சூட்டில் அது குளோரின் வாயுவாக எழும்பும், மூடியைத் திறப்பவர் முகத்தில்தான் அடிக்கும்.

பெஞ்சில் சிந்தியதற்கும் பிபெட் டிப்புகளை ஊறவைக்கவும் கொஞ்சமாக மிஞ்சிய திரவக் கல்ச்சருக்கும் பிளீச் நல்லது. பிளேட்டுகளுக்கு ஆகாது, அகாருக்குள் ஊறி இறங்காது. எழுபது சதவீத ஆல்கஹாலைப் பற்றியும் கேட்பார்கள். பெஞ்ச் துடைக்கும் வேலையோடு அது நிற்க வேண்டும். கல்ச்சரைக் கொல்லும் வழியாக அதை எண்ணவே கூடாது. பர்னர் எரியும்போது பக்கத்தில் இருக்கவும் கூடாது.

ஆட்டோகிளேவ்: ராஜா வழி, கவனம் கேட்கும் வழி

121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம். இந்த இரண்டு எண்ணும் எல்லாருக்கும் மனப்பாடம். எவ்வளவு நேரம் என்று கேட்டால் "பதினைஞ்சு நிமிஷம்" என்று டக்கென்று வரும். அது சுத்தமான மீடியாவுக்கான நேரம். கழிவுப் பைக்கு நான் 45 நிமிடம் வைக்கிறேன். அந்த நேரமும் அழுத்தம் ஏறி நின்ற பிறகுதான் தொடங்கும், ஸ்விட்ச் போட்டதிலிருந்து எண்ணக்கூடாது.

நம் கல்லூரிகளில் பெரும்பாலும் இருப்பது நிற்கும் வகை ஆட்டோகிளேவ்: மேலே விங் நட்டுகள், உள்ளே சூடேற்றும் காயிலை மூடுமளவு தண்ணீர். இதில் கொல்வது நீராவி. காற்று உள்ளே தங்கிவிட்டால் முள் 15-ஐக் காட்டும், ஆனால் 121 டிகிரி இருக்காது. ஆகவே ஆவி வால்வைத் திறந்தே வைத்து, விட்டுவிட்டு வரும் ஆவி ஒரே சீராகச் சீறும் வரை பொறுத்திருந்து, அப்புறம் மூடுங்கள். அந்த ஐந்தாறு நிமிடப் பொறுமையில்தான் பாதி வேலை நடக்கிறது.

அடுத்தது பையைக் கட்டும் விதம். பிளேட்டுகளை நெருக்கி அடுக்கி, வாயை முடிச்சுப் போட்டு உள்ளே இறக்கினால் நடுவில் இருக்கும் பிளேட்டுக்கு ஆவி போகவே போகாது. பையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். வாயைத் தளர்வாக விடுங்கள். உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள், அதுவே பைக்குள் ஆவியாகும். பையை ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்து இறக்குங்கள். எங்கள் ஆட்டோகிளேவில் ஒருமுறை பை கிழிந்து உருகிய அகார் அடியில் ஓடி, ஆறியதும் காயிலைச் சுற்றி அல்வா மாதிரி இறுகிப் படிந்துவிட்டது. லேப் அசிஸ்டென்ட் அண்ணா அரை நாள் குனிந்து நின்று கரண்டியால் சுரண்டினார்.

நடுவில் கரண்ட் போனால் மீதி நேரத்தை மட்டும் ஓட்டக்கூடாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். எப்போது போனது என்று யாரும் பார்க்காவிட்டாலும் அதே விதிதான். முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் திரவம் வைத்திருந்தால் பத்து நிமிடம் கழித்தே மூடியைத் திறங்கள். அவசரப்பட்டால் குடுவை பொங்கிக் கையில் ஊற்றிவிடும்.

மலைப்பகுதிக் கல்லூரிகளுக்கு ஒரு வார்த்தை. முள் காட்டுவது வெளிக்காற்றை விட எவ்வளவு கூடுதல் என்பதை மட்டுமே. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம், அங்கே வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு. முள் 15-இல் நின்றாலும் உள்ளே சுமார் 117 டிகிரிதான் இருக்கும். ஆட்டோகிளேவில் வெப்பமானி இருந்தால் அதைப் பார்த்து நேரத்தைக் கணக்கிடுங்கள். இல்லையென்றால் கருவி அனுமதிக்கும் அழுத்த எல்லைக்குள் நின்று, நேரத்தைக் கூட்டுங்கள்.

பையில் ஒட்டும், சூட்டில் பட்டை பட்டையாகக் கறுக்கும் டேப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். டேப் கறுத்துவிட்டது, ஆகவே எல்லாம் செத்துவிட்டது என்று மாணவர்கள் நம்புகிறார்கள். பையின் வெளிப்பக்கம் சூடு பட்டது என்பதற்கு மேல் டேப்புக்கு எதுவும் தெரியாது. பையின் நடுவில் என்ன நடந்தது என்று தெரிய ஸ்போர் ஸ்ட்ரிப் வேண்டும். அதில் இருப்பது ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற, சூட்டுக்குச் சளைக்காத பாக்டீரியாவின் வித்துகள் (ஸ்போர்), அதாவது கடினமான சூழலைத் தாங்கும் அதன் உறங்கு நிலை. பிளேட்டுகளுக்கு நடுவே செருகி வைத்து, ஓட்டி முடித்ததும் எடுத்து, அதற்குரிய மீடியாவில் 55 முதல் 60 டிகிரியில் வளர்த்துப் பார்க்க வேண்டும். ஓட்டாத ஸ்ட்ரிப் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். அது வளர்ந்து, ஓட்டியது வளராமல் இருந்தால்தான் சோதனை செல்லும். ஈ.கோலை சாக இவ்வளவு சூடு வேண்டியதில்லை, அது அறுபது எழுபது டிகிரியிலேயே செத்துவிடும். நாம் சோதிப்பது பையின் நடு வரை ஆவி போனதா என்பதைத்தான். மாதம் ஒருமுறை செய்தால் போதும்.

குக்கர்: வேறு வழி இல்லாத லேபுக்கு

ஆட்டோகிளேவ் பழுதாகி, சரிசெய்யப் பணம் வர ஆறு மாதம் ஆகும் கல்லூரிகள் எத்தனையோ இருக்கின்றன. அங்கே குக்கர் வந்துவிடுகிறது. வந்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். வெயிட் போட்ட வீட்டு குக்கரில் உண்டாகும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1 கிலோ, அது கிட்டத்தட்ட 120 டிகிரி. தத்துவம் அதேதான்.

வித்தியாசம், குக்கரில் உங்களுக்கு எதுவும் தெரியாது என்பது. முள்ளும் இல்லை, வெப்பமானியும் இல்லை. விசிலை எண்ணுவது பருப்புக்குச் சரி, கல்ச்சருக்கு ஆகாது. அடுப்பின் வேகத்தைப் பொறுத்து மூன்று விசில் ஐந்து நிமிடத்திலும் வரும், பதினைந்து நிமிடத்திலும் வரும். முதலில் வெயிட் போடாமல் ஆவி சீராக வரும் வரை விடுங்கள், பிறகு வெயிட்டைப் போடுங்கள். முதல் விசிலுக்கு அப்புறம் தீயைக் குறைத்து, வெயிட் மெதுவாகச் சீறிக்கொண்டே இருக்கும்படி வைத்து, கடிகாரம் பார்த்து 45 நிமிடம். அவ்வளவு நேரத்துக்குத் தண்ணீர் காணுமா என்று முதல் தடவை வெறும் தண்ணீரை மட்டும் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்போர் ஸ்ட்ரிப் இல்லாமல் குக்கரை நம்பவே கூடாது, கேஸ்கட் தளர்ந்தால் எல்லாமே போயிற்று. ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு பிளேட்தான் பிடிக்கும். நான்கு பேர் கொண்ட புராஜெக்ட் குழுவுக்கு அது தாங்காது.

எனக்குக் குக்கர் பிடிக்காமல் போனதற்குக் காரணம் வேறு. பல வருஷத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் துறையின் பொங்கல் விழா. பாத்திரம் போதவில்லை என்று முதலாமாண்டு பிள்ளைகள் லேபிலிருந்த குக்கரை எடுத்து, நன்றாகத் தேய்த்துக் கழுவி, அரிசியும் பருப்பும் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டார்கள். குக்கரில் ஒட்டியிருந்த சீட்டு ஆவியில் எப்போதோ உரிந்து போயிருந்தது. அங்கிருந்த லேப் அசிஸ்டென்ட் பார்த்து ஓடிவந்து இறக்கினார். அந்தப் பிள்ளைகள் மேல் எந்தத் தப்பும் இல்லை. குக்கர் என்றால் சமைக்கிற பாத்திரம், அப்படித்தானே யாருக்கும் தோன்றும்? அதனால், வைத்திருந்தால் சீட்டு ஒட்டாதீர்கள். கைப்பிடி முழுக்கச் சிவப்புப் பெயின்ட் அடியுங்கள், மூடியில் ஆணியால் கீறி எழுதுங்கள், பூட்டி வையுங்கள்.

வண்டியில் கொடுத்துவிடுவது

மருத்துவமனையோடு சேர்ந்த கல்லூரிகளில் உயிரி மருத்துவக் கழிவு எடுக்கும் வண்டி தினமும் வரும். மஞ்சள் பையில் போட்டுவிட்டால் எரித்துவிடுவார்கள், நம் வேலை முடிந்தது என்று தோன்றும். 2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளில் ஆய்வகக் கல்ச்சர்கள் மஞ்சள் வகையில்தான் வருகின்றன. ஆனால் அவற்றை லேபிலேயே முதலில் கொன்றுவிட்டுத்தான் வண்டிக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. ஆகவே வண்டி ஆட்டோகிளேவுக்கு மாற்று ஆகாது, அதற்குப் பிறகு வரும் கட்டம் மட்டுமே. இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் ஒப்பிட எனக்கு ஒன்றும் இல்லை.

விதையும் வித்தும்: எல்லாக் கணக்கும் மாறும் இடம்

இதுவரை சொன்னது ஈ.கோலை, ஈஸ்ட் போன்றவற்றுக்கு. தாவரப் பக்கம் வேலை செய்யும் மாணவர்கள், முக்கியமாக வேளாண் கல்லூரிப் பிள்ளைகள், இங்கே நின்று படியுங்கள்.

மரபணு மாற்றிய நெல்லோ புகையிலையோ அரபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியோ வைத்திருக்கிறீர்கள், விதை மிஞ்சிவிட்டது. பிளீச்சில் போட்டுவிடலாம் என்று தோன்றும். கொஞ்சம் யோசியுங்கள்: திசு வளர்ப்பில் விதையை மீடியாவில் வைப்பதற்கு முன் எதில் கழுவுகிறோம்? பிளீச்சில்தான். விதையின் மேலிருக்கும் பூஞ்சையும் பாக்டீரியாவும் சாக வேண்டும், விதை மட்டும் முளைக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறோம். அந்த பிளீச்சையே விதையைக் கொல்லவும் நம்பினால், நன்றாகக் கழுவிய மரபணு மாற்றிய விதையைக் குப்பைக்கு அனுப்புகிறோம். விதைக்கு ஆட்டோகிளேவ் ஒன்றுதான் வழி. அரபிடாப்சிஸ் விதை தூசி அளவுதான் இருக்கும், சட்டை மடிப்பில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். அந்த வேலைக்கென்று தனியாக ஒரு லேப் கோட் வைத்து, அதை லேபிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

செடி வளர்ந்த மண்ணையும் மறக்காதீர்கள். மண்ணுக்குள் ஆவி மெதுவாகத்தான் இறங்கும், வித்துகளும் நிறைய இருக்கும். சிறு சிறு பைகளாகப் பிரித்து ஒருநாள் ஓட்டி, ஒருநாள் அறைச் சூட்டில் விட்டு, மறுபடி ஓட்டுங்கள். முதல் சூட்டில் தப்பிய வித்துகள் நடுவில் முளைக்கும், இரண்டாம் சூட்டில் சாகும்.

பேசில்லஸ் சப்டிலிஸில் மரபணு ஏற்றி வேலை செய்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அது வித்து விடும் பாக்டீரியா. ஆல்கஹால் அந்த வித்துகளை ஒன்றும் செய்யாது. பிளீச்சையும் நான் அங்கே முழுதாக நம்ப மாட்டேன். உங்கள் லேபில் நல்ல ஆட்டோகிளேவ் இல்லையென்றால் புராஜெக்டுக்கு ஈ.கோலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அழிக்க முடியாததை வளர்க்காதீர்கள் என்று நான் மாணவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பேசினால் ஆறு மாதம் கழித்துத் தவிக்க வேண்டியதில்லை.

செத்ததா என்று எப்படித் தெரியும்

எந்த வழியை எடுத்தாலும், முதல் தடவை உங்கள் கையாலேயே சோதித்துப் பாருங்கள். இதில் இரண்டு இடத்தில் மாணவர்கள் வழுக்குகிறார்கள்.

ஒன்று, கானமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் போட்ட பிளேட்டிலேயே தடவிப் பார்ப்பது. ஒன்றும் வளராது, மகிழ்ச்சியாகிவிடும். அடிபட்டுக் குற்றுயிராகக் கிடக்கும் பாக்டீரியா ஆன்டிபயாட்டிக் இல்லாத இடத்தில்தான் தேறும். பிளாஸ்மிட்டை உதறிவிட்டுப் பிழைத்ததும் இருக்கும். சோதனைக்கு வெறும் எல்பி பிளேட் வேண்டும், 37 டிகிரியில் 48 மணி நேரம் வைக்க வேண்டும்.

மற்றொன்று, பிளீச் போட்டதை அப்படியே தடவுவது. துளியோடு சேர்ந்து குளோரினும் பிளேட்டுக்குப் போய், அங்கே வளரவிருந்ததையும் தடுத்துவிடும். பார்க்கச் செத்தது போலத் தெரியும். அரை மணி முடிந்ததும் ஒரு மில்லி எடுத்து, சோடியம் தயோசல்ஃபேட் சேர்த்துக் குளோரினை முறித்த பிறகு தடவுங்கள். எங்கள் பையன் அன்று இதைச் செய்யாமலே காலனி பார்த்தான் என்றால், அந்தப் பாட்டில் எவ்வளவு செத்துப் போயிருந்திருக்கும் என்று பாருங்கள்.

பெஞ்சிலிருந்து ஆட்டோகிளேவ் வரை

கொல்லும் முறையை ஒப்பிடும்போது யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று, கொல்லப்படும் வரை அதை யார் யார் தொடுகிறார்கள் என்பது. அமெரிக்காவில் 2010-11-இல் சால்மொனெல்லா தொற்று பரவியது. 38 மாநிலங்களில் 109 பேர் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். தேடிப் போனபோது அது கற்பிக்கும் நுண்ணுயிரியல் லேபுகளுக்கு இட்டுச் சென்றது. லேபுக்கே வராத குழந்தைகளும் நோயுற்றவர்களில் இருந்தார்கள். லேபில் படித்தவர்களோ வேலை பார்த்தவர்களோ அந்த வீடுகளில் இருந்தார்கள். அது மரபணு மாற்றிய கிருமி இல்லை, லேபுகளுக்கு விற்கப்படும் வகைதான். ஆனால் பேனா, நோட்டு, பை, செல்போன் எல்லாம் பெஞ்சுக்கும் வீட்டுக்கும் போய்வருவது நம் லேபிலும் அப்படியேதான் இருக்கிறது.

எங்கள் துறையில் கழிவு வாளியைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்குபவர் தூய்மைப் பணி செய்யும் ஒரு அக்கா. கையுறை கேட்டால் சிரித்துக்கொண்டே "பழகிடுச்சும்மா" என்பார். ஒருநாள் வாளியில் ஊசி போலக் கிடந்த உடைந்த பாஸ்டர் பிபெட் பையைக் கிழித்து வெளியே வந்து அவர் விரலில் குத்திவிட்டது. காயம் ஆறிவிட்டது, நல்லவேளை. அதற்கப்புறம் எங்கள் லேபில் உயிருள்ள கழிவை மாணவர்களே ஆட்டோகிளேவ் வரை கொண்டுபோகிறார்கள். மூடிய, உடையாத டப்பாவில் எடுத்துப் போக வேண்டும், கண்ணாடிக்கும் ஊசிக்கும் குத்தினாலும் ஓட்டை விழாத தனி டப்பா. அக்காவின் கைக்குப் போவது செத்ததும் ஆறியதும் மட்டுமே. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இதை மட்டும் மாற்றாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, எதை எடுப்பது?

ஆட்டோகிளேவ் ஓடும் நிலையில் இருந்தால் பிளேட், பை, விதை, மண் எல்லாம் அதற்கே. சிந்தியதும் டிப்பும் ஐம்பது நூறு மில்லி திரவமும் பிளீச்சுக்கு. அந்த 400 மில்லி குடுவையை நான் ஆட்டோகிளேவுக்கே அனுப்புவேன், 135 மில்லி பிளீச்சைச் சாக்கடையில் விட மனசு வராது. ஆம்பிசிலினுக்குப் பதில் கானமைசின் போட்டு வளர்த்திருந்தால் ஒரு குறை மட்டும் உண்டு. கானமைசின் சூட்டைத் தாங்கும், ஆட்டோகிளேவிலும் முழுதாக அழியாது. தேவைக்கு மேல் கல்ச்சர் வளர்க்காமல் இருப்பதுதான் அதற்கு மருந்து. பத்து மில்லி போதுமான பிளாஸ்மிட் வேலைக்கு அரை லிட்டர் எதற்கு?

ஆட்டோகிளேவ் இல்லாத லேபில் குக்கரும் ஸ்போர் ஸ்ட்ரிப்பும் பிளேட்டுகளுக்கு, பிளீச் திரவத்துக்கு, ஈ.கோலையைத் தாண்டி எதுவும் வேண்டாம். அருகிலுள்ள கல்லூரியில் வாரம் ஒருநாள் ஓட்டித் தர முடியுமா என்று கைடுகள் பேசிப் பார்க்கலாம். ஆனால் உயிருள்ள கழிவை இருசக்கர வண்டியில் எடுத்துப் போகலாமா என்று கேட்டால், என் பதில் கூடாது என்பதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலப் பிரச்சினைக்கு வருகிறேன். ஐந்தே காலுக்கு எந்த வழியும் நேர்மையாக முடியாது. பிளீச்சுக்கே அரை மணி வேண்டும். எங்கள் லேபில் நான்கு மணிக்கு மேல் கல்ச்சர் குடுவையை ஷேக்கரிலிருந்து எடுப்பதில்லை. தவறிப்போய் எடுத்துவிட்டால் மூடி, பெயர், தேதி, என்ன பிளாஸ்மிட் என்று எழுதி, கழிவுக்கென்றே இருக்கும் தட்டோடு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்கச் சொல்கிறேன். சனிக்கிழமை காலையில் வருகிறவர் ஓட்டுவார், நோட்டில் கையெழுத்துப் போடுவார்.

கடைசிக் கழிவு, கடைசி செமஸ்டரில் வரும். வைவா முடிந்து இனிப்பு கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் போய்விடுவார்கள். மைனஸ் 20 ஃபிரீசரில் அவர்களுடைய கிளிசரால் ஸ்டாக்குகள் (உறைய வைத்த உயிருள்ள பாக்டீரியா) இருக்கும், மூடியில் 'பி3 நியூ' என்று மட்டும் எழுதியிருக்கும். அது எந்த மரபணு, எந்த வகை, யாருடையது என்று அடுத்த வருஷம் யாருக்கும் தெரியாது. தெரியாததைத் தூக்கிப் போடவும் பயம், வைத்திருக்கவும் இடமில்லை. ஆகவே நோ டியூ படிவத்தில் நான் கையெழுத்துப் போடுவதற்கு முன் மாணவர் ஃபிரீசரைத் திறந்து, தம் குழாய்களை ஒவ்வொன்றாக எண்ணி, கைடிடம் ஒப்படைப்பவற்றுக்குப் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு, மற்றவற்றைப் பையில் போட்டு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, தம் கையாலேயே 45 நிமிடம் ஓட்ட வேண்டும்.